எம்லின் வீடு திரும்ப மூவாயிரம் பவுண்டு

ஐர்வெனின் சமையலறையில் அந்த பாய்லர் முப்பத்திரண்டு வருடங்களாக எரிந்துகொண்டிருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியபோது கணவர் எம்லினுக்குக் கிடைத்த பணத்தில் வாங்கியது. குளிர்காலம் முழுக்க வீட்டைக் கதகதப்பாக வைத்திருந்தது அதுதான்.

கரித்தூசி தின்ற நுரையீரலோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த எம்லின், மறுநாள் வீடு திரும்ப வேண்டும். வீடு சூடாக இருந்தால்தான் அனுப்புவோம் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடட்டுமே என்று ஐர்வென்தான் கேஸ் மெக்கானிக் கெதினை வரவழைத்தாள்.

அவன் சுவரின் அடிப்பக்கம் இருந்த காற்றுத் துளைக்குள்ளிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவினான்.

"என்ன ஆன்ட்டி, கிறிஸ்துமஸ் தாத்தா பரிசு போடறதுக்கா?"

"சில்லுன்னு காத்து வந்துச்சுப்பா. அவர் நெஞ்சுக்கு ஆகாதே..."

கெதினின் சிரிப்பு மறைந்தது. "இந்தக் காத்து இல்லாம பாய்லர் ஒழுங்கா எரியாது ஆன்ட்டி. உள்ள வேற விரிசல் விட்டிருக்கு. நச்சுப்புகை வீட்டுக்குள்ளதான் வந்துட்டிருந்திருக்கு."

ஐர்வென் அவன் கையிலிருந்து காலுறையை வாங்கிக்கொண்டாள். ஐயோ, குளிர் படக் கூடாதென்று அவள் அடைத்த துளை! அவர் மூச்சை அவளேவா...?

அவன் கேஸை மூடி, 'பயன்படுத்தாதே' என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினான்.

"ஒரே ஒரு வாரம் ஓடட்டுமேப்பா! ஜன்னலைத் திறந்து வெச்சுக்கறேன்."

"விட்டா என் லைசென்ஸ் போயிடும். அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர் உயிரும் போயிடும்."

"புதுசு என்ன விலை?"

"மூவாயிரம் பவுண்டு. நான் கூலியே வாங்கலன்னாலும் ரெண்டாயிரத்துக்குக் குறையாது ஆன்ட்டி."

ஈமச்செலவுக்கென்று அவள் சேர்த்தது அறுநூறு. அரசாங்க உதவிக்குப் போன் செய்தாள். வாரப் பென்ஷன் வரம்பைவிட நான்கு பவுண்டு கூடுதலாக இருப்பதால் கிடைக்காதாம். சொன்ன பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். வருத்தத்தை வைத்து என்ன செய்வது?

மாலையில் நர்ஸ் அழைத்தாள். "வீடெல்லாம் சூடா இருக்குதானே, ஐர்வென்?"

பின்னாலிருந்து எம்லினின் இழுப்புக் குரல் கேட்டது. "அவ இருக்கற வீட்ல சூட்டுக்கா பஞ்சம்? தினமும் என்னை வறுத்தெடுக்கறவ!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அவர் வந்துவிடுவார். வந்து, இந்தக் குளிரில் எத்தனை நாள் மூச்சு விடுவார்?

"இல்லம்மா," என்றாள் ஐர்வென். "பாய்லரை மூடிட்டாங்க."

மறுமுனையில் நர்ஸ் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்போ அவரைப் பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பணும். பக்கத்துல எங்கேயும் இடமில்ல. தூரமானாலும் கார்டிஃப்ல கேட்டுப் பாக்கறேன்."

"இப்பவே கோட்டெல்லாம் போட்டுக்கிட்டேன் சிஸ்டர்," என்றது எம்லினின் குரல். "நாளைக்கு வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டீங்களா?"