தரிசனம் செய்த மேனுவல்

"...அதனாலதான் சொல்றேன், கோடுதான் டாக்குமென்ட். புக்குங்கிறது ஒரு மரியாதைக்கு. இன்ஜினியருன்னு வேலைக்கு வந்துட்டு, புக்குல இருந்துச்சு சார், நம்பிட்டேன்னு நின்னா நான் இன்னாம்மா பண்றது?"

தாமோதரம் சார் இதைச் சொன்னபோது அறையில் மூன்று பேர் இருந்தோம். அவர் எங்கள் கம்பெனியின் முதலாளி. எங்கள் அசெம்ப்ளர் என்கிற புரோகிராமை, அதன் கோடை, எழுதியவரும் அவரே. எதிரில் நின்றவள் ஹேமாவதி. நகரி ஊர்ப் பெண், புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவள், வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். மூன்றாவது ஆள் நான், சுவரோரமாக. மேஜை மேல் ஒரு கடிதம் கிடந்தது. கவனக்குறைவு காரணமாக ஹேமாவதியின் வேலை புரொபேஷனோடு முடிகிறது என்று அதில் இருந்தது. சார் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. கடிதத்தை டைப் செய்தவன் நான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அவள் நம்பிக் கெட்ட அந்தப் புத்தகத்தை டைப் செய்தவனும் நான்தான். ஆகவே இந்தக் கதையை நான் சொல்வதுதான் முறை.

பத்திரிகை அடித்தவன் மேனுவல் அடித்தது

புத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவன் நான். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் ஓடும். தாய்மாமன் பெயர் ஒன்று விட்டுப்போனால் மண்டபத்தில் என்ன நடக்கும் என்று அனுபவித்துத் தெரிந்துகொண்டவன். தாமோதரம் சார் தம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். நான் நான்கு முறை சரிபார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பெனிக்கு வந்துடுப்பா, அங்க ஒரு புக்கு அடிக்கணும்" என்றார். அன்றைக்கு நான் படித்திருந்த கம்ப்யூட்டர் பாடம் பேஜ்மேக்கர் மட்டும்தான்.

கம்பெனி ரேணிகுண்டாவிலிருந்து திருப்பதி போகும் வழியில் ஒரு ஷெட். பால் மையங்களில் வைக்கிற ஃபேட் மிஷின் செய்கிறோம். பாலை ஊற்றினால் அதில் எவ்வளவு கொழுப்பு என்று காட்டும். அதற்குள் இருக்கும் சின்ன சிப்புக்காக சார் தாமே ஒரு அசெம்ப்ளர் எழுதியிருந்தார். இன்ஜினியர் எழுதும் சுருக்கக் கட்டளைகளைச் சிப்புக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருகிற புரோகிராம் அது.

அதில் டைரக்டிவ் என்று ஒரு வகை உண்டு. அது சிப்புக்குப் போகாது. அசெம்ப்ளருக்கே சொல்கிற உத்தரவு. `.org` என்றால் இந்த விலாசத்திலிருந்து வை. `.byte` என்றால் இந்த எண்ணை அப்படியே வை. `.space 16` என்றால் பதினாறு இடம் காலியாக விட்டு வை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: எப்படிப் போடுவது, எதை ஏற்கும், எதை ஏற்காது, கடைசியில் ஓர் உதாரணம். முதல் மாதம் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அப்புறம் பந்தி நினைவுக்கு வந்தது. "இந்த வரிசையில பதினாறு இலை போட்டு வை, ஆளு அப்புறம் வருவாங்க" என்கிறோம் இல்லையா, அதுதான் `.space`. அதற்குப்பின் மளமளவென்று போனது.

போட்டு வைத்த இலையில் என்ன இருக்கும் என்பதில்தான் பின்னால் வம்பு வந்தது.

டீக்கடை ரிலீஸ்

பெரிய கம்பெனிகளில் ஒரு மாற்றம் செய்தால் ரிலீஸ் நோட் என்று காகிதம் வருமாம். எங்களுக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடை. பதினொரு மணி டீயில் சார் வாயால் சொல்வார். நான் நோட்டோடு நிற்க வேண்டும். நோட்டின் முன்பக்கம் டைரக்டிவ். பின்பக்கம், சனங்கள் பேசுவதில் எனக்குப் பிடித்தவை. டீக்கடைக்காரர் ஒருநாள் என் காதருகே வந்து, "உங்க சாருக்கு டீ போடறது கஷ்டம் நைனா. குடிச்சி முடிச்சிட்டு தான் சக்கர வேணாம்னுவாரு" என்றார். பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். எங்கள் அசெம்ப்ளரின் வரலாற்றை அதைவிடச் சுருக்கமாக நான் இன்றுவரை எழுதவில்லை.

சாருக்கு இன்னொரு வழக்கம். மேனுவலின் புதுப் பதிப்பு அச்சாகி வந்ததும் அலிபிரியிலிருந்து படியேறித் திருமலைக்கு எடுத்துப்போவார். அந்தப் பதிப்புக்குரிய அசெம்ப்ளரையும் பென் டிரைவில் போட்டுக்கொள்வார். ஆனால் தரிசன வரிசைக்குள் எலெக்ட்ரானிக் சாமான் எதையும் விடமாட்டார்கள். அதனால் அசெம்ப்ளர் கீழே லாக்கரில் உட்கார்ந்திருக்கும். மேனுவல் மட்டும் சார் கையோடு போய்க் கும்பிட்டுவிட்டு வரும். வந்ததும் முதல் பக்கத்தில் குங்குமம். பிறகு ஆபீஸில் சாமி படத்துக்குக் கீழே ஷெல்ஃபில் இடம். அடுத்த பதிப்பு வரும்வரை அதில் யாரும் பேனா வைக்கக் கூடாது. "சாமி பாத்த புக்குப்பா. அதுல திருத்தறதுக்கு நீ எவரு?" என்பார், பாதித் தெலுங்கில். அச்சும் பிடிஎஃப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிடிஎஃப்பையும் தொடவிட மாட்டார்.

அசெம்ப்ளருக்கு அந்த விரதம் கிடையாது. லாக்கரில் இருந்த ஆள்தானே. வாரத்துக்கு ஒருமுறை மாறும்.

திருத்தங்களை நான் என்ன செய்வது? சீட்டுகளில் அடித்து என் மேஜை டிராயரில் போட்டுவைப்பேன். பழைய ஆட்களுக்கு விவரம் தெரியும். வேலை தொடங்குமுன் வந்து, "இதுக்கு சீட்டு கீதா?" என்று கேட்டு வாங்கிப்போவார்கள். மேனுவல் பராமரிப்பு என்று என் வேலைக்குப் பெயர். உண்மையில் நான் பராமரித்தது டிராயரை.

ஒருநாள் டீயில் சார், `.space` விடுகிற காலி இடங்களில் இனிமேல் சைபருக்குப் பதிலாக FF என்கிற எண்ணை நிரப்பும் என்றார். காரணம் நல்ல காரணம்தான். புதுச் சிப்பில் எல்லா இடமும் FF ஆகவே இருக்கும். அங்கே திரும்ப எழுதத் தேவையில்லை. போர்டு சீக்கிரம் தயாராகும். சீட்டு அடித்தேன். டிராயரில் போட்டேன். அந்த வாரமே ஹேமாவதி வந்து டைரக்டிவ் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பிடிஎஃப்பைத் திறந்து காட்டி, எல்லாம் இதில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அவளுக்குக் கொடுத்திருந்த வேலை வெப்பத் திருத்த அட்டவணை. பால் சூடாக இருந்தால் எவ்வளவு கூட்டுவது, குளிர்ந்திருந்தால் எவ்வளவு குறைப்பது என்று பதினாறு இடம். திருத்தம் வேண்டாத இடத்தில் சைபர் இருக்க வேண்டும். மேனுவலில் சைபர் என்று போட்டிருந்ததால் அந்த இடங்களை `.space` போட்டு விட்டுவிட்டாள். அசெம்ப்ளர் அங்கே FF வைத்தது. சிப் அதை மைனஸ் ஒன்று என்று படித்தது. எங்கள் கணக்கில் ஒன்று என்றால் ஃபேட்டில் ஒரு புள்ளி, அதாவது சைபர் புள்ளி ஒன்று.

கன்னியம்மா செய்த டெஸ்டிங்

சத்தியவேடு பக்கத்து ஊர் ஒன்றில் புது மிஷின் வைத்த சில நாளில் புகார் வந்தது. சார் ஹேமாவதியை அனுப்பினார். கூடவே போ என்று என்னையும் அனுப்பினார். மையத்தின் வாசலில் கன்னியம்மா காத்திருந்தார். இரண்டு மாடு வைத்திருக்கிறவர். காலையில் கறந்த ஒரே பாலை இரண்டு கேனில் பிரித்து, ஒன்றைத் தம் ஊர் மையத்திலும், இன்னொன்றைப் பழைய மிஷின் இருக்கிற பக்கத்து ஊர் மையத்திலும் மூன்று நாள் ஊற்றியிருக்கிறார். இங்கே மூன்று புள்ளி எட்டு, அங்கே மூன்று புள்ளி ஒன்பது. மூன்று நாளும் அதேதான். டெஸ்டிங் என்றால் இதுதான். எங்கள் கம்பெனியில் அதுவரை யாரும் செய்யாதது.

"அதே மாடு, அதே புல்லு, அதே புண்ணாக்கு," என்றார் கன்னியம்மா. "பக்கத்து ஊருக்கு நான் நடந்து போற வழியில பாலு கொழுத்துக்கினு போவுதா? இல்ல உங்க மிஷினு கொஞ்சம் துன்னுட்டு தான் நம்பரு காட்டுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். ஹேமாவதி சிரிக்கவில்லை. மிஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

மறுநாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்தாள். `.space` சைபர்தானே போட வேண்டும், ஏன் FF இருக்கிறது என்று கேட்டாள். டிராயரைத் திறந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். சீட்டின் மேல் மூலையில் நான் போட்டிருந்த தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் உங்களாண்ட வந்து கேட்டேனே, அன்னிக்கு இது இங்கதான் இருந்துச்சா அண்ணா?"

ஆமாம் என்றேன். சீட்டை உள்ளே வைத்து, டிராயரைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேனுவலே இல்லாத கம்பெனியில் ஆபத்துக் குறைவு; எல்லோரும் பயந்துபோய் புரோகிராம் கோடைத் திறந்து பார்ப்பார்கள். மேனுவல் இருந்து, அது பழசாகி, பழசு என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால், அந்த ஒருவனைப் போல ஆபத்தானவன் கம்பெனியில் இல்லை.

கடிதம்

அன்று சாயங்காலமே சார் கடிதத்தை அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டிலும் அரிசி வாங்க வேண்டுமே என்று உங்களிடம் சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. சார் கத்துவார் என்ற பயம், அவ்வளவுதான்.

அறையில் அவர் கோடுதான் டாக்குமென்ட் என்று சொல்லி முடித்ததும், மாற்றத்தைச் சொல்லாமல் விடவில்லை, டீக்கடையில் எல்லோருக்கும் எதிரில் சொன்னேன் என்றார். ஹேமாவதி டீ குடிப்பதில்லை என்பது அவருக்குத் தெரியாது. நான் போய் டிராயரிலிருந்து சீட்டை எடுத்துவந்து கடிதத்தின் மேல் வைத்தேன். நோட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

"தப்பு என் டிராயர்ல கீது சார். அந்தப் பொண்ணு கேட்டப்போ நான் எடுத்துக் குடுக்கல. லெட்டர்ல பேர மாத்தி அடிச்சிக்கினு வரட்டா?"

சார் சீட்டைப் படித்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னை அனுப்பிவிட்டால் அடுத்த கடிதத்தை யார் அடிப்பது என்று யோசித்திருப்பார்.

"உன்ன எவரு கேட்டாங்க? நான் சொல்றது ஒண்ணுதான். புக்கு தப்பா கீது. தப்பான புக்க நம்பினது இந்தப் பொண்ணு."

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹேமாவதி தலையை நிமிர்த்தி, சாமி படத்துக்குக் கீழே குங்குமத்தோடு இருந்த மேனுவலைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"புக்கு தப்பு இல்ல சார். நீங்க மலைக்கு எடுத்துக்கினு போனப்போ அதுல சைபருன்னு தான் இருந்துச்சு, மிஷின்லயும் சைபருதான் வந்துச்சு. நான் நம்பினது அத. சாமிகிட்ட சைபருன்னு காட்டிட்டு, எறங்கி வந்து டீக்கடையில மாத்தினது நான் இல்ல சார்."

சார் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஷெல்ஃபில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். பிறகு கடிதத்தை எடுத்து, பிரின்டருக்குப் பக்கத்தில் ஒருபக்கம் மட்டும் அடித்த பழைய தாள்களை அடுக்கி வைத்திருப்போமே, அந்த அடுக்கில் கவிழ்த்துப் போட்டார். செருப்பைக் கழற்றி மேஜைக்கு அடியில் தள்ளினார். லேப்டாப்பைத் திறந்து, அசெம்ப்ளரின் கோடில் அந்த வரியைத் தேடிப் பிடித்து, FF-ஐ அழித்துவிட்டு சைபர் அடித்தார்.