டொரத்தி பொந்தியானுக்கு நடந்தாள்

சிங்கப்பூருக்கு அக்கரையில், தெப்ராவில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கும் டொரத்திக்குக் கத்தரியைவிட வாய் வேகம். யார் வீட்டில் நிச்சயதார்த்தம், எந்தச் சந்தையில் மீன் நன்றாக இருக்கிறது, சிங்கப்பூர்ப் பாலத்தில் இன்றைக்கு எவ்வளவு நெரிசல், எல்லாம் ஒரு தலை வெட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

இரண்டாவது குழந்தை ஷர்மைன் பிறந்த பிறகு அந்த வாய் அடங்கிப்போனது. குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவது மாதிரிக் கேட்டது. தூக்க வேண்டுமே என்று தொட்டில் பக்கத்தில் நிற்பாள், கை நீளாது. கணவன் அட்ரியன் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புபவன். களைப்பு என்று நினைத்தான். கேட்டபோது அவளும் அதையேதான் சொன்னாள்.

கண்டுபிடித்தது நுஸ்ரத் அக்கா. பக்கத்தில் கணவர் ஜஹாங்கீருடன் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். ஒருநாள் முடிவெட்டிக்கொள்ள வந்தவர் கண்ணாடியில் டொரத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டொரத்தி, வெட்டியே முடிச்சிட்ட. என் மருமகளைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல?"

"ஒண்ணுமில்லக்கா."

"அதான் பயமா இருக்கு. எனக்கு ரெண்டாவது பொறந்தப்போ இப்படித்தான். வருஷக்கணக்கா யார்கிட்டயும் சொல்லாம இருந்தேன். நீ அப்படி இருக்க வேணாம். கடையைச் சாத்து, கிளினிக் போலாம்."

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்றார் டாக்டர். தனக்கு வந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே டொரத்திக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். சர்ச் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தாய்மார்கள் கூடுவார்கள், அங்கே தனலெட்சுமி என்ற ஆலோசகர் வருவார், போய்ப் பாருங்கள் என்றார்கள். போனாள். மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒரு காலையில் ஷர்மைன் தும்மியதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் தான் சிரித்ததே அவளுக்குத் தெரிந்தது.

மறு வருடம் அந்தக் கூட்டத்துக்கே சிக்கல் வந்தது. ஆலோசகரை வரவழைக்க நிதி இல்லை. கூப்பன் விற்கலாமா, சாப்பாடு விற்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் நடக்கிறேன் லா," என்றாள் டொரத்தி. "ரெங்கத்துல இருந்து பொந்தியான் வரைக்கும். ஷர்மைனோட ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கிட்டு."

"ஏன் ரெங்கம்?"

"நான் பொறந்த ஊரு."

"ஏன் பொந்தியான்?"

"அதுக்கு மேல கடல். தானா நின்னுருவேன்."

அட்ரியன் விழுந்து விழுந்து சிரித்தான். "கார் பார்க்குல இருந்து லிஃப்ட்டுக்கு நடக்கவே உனக்கு மூச்சு வாங்கும்!" ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனே காலையில் எழுப்பிப் பயிற்சிக்குக் கூட்டிப்போனான்.

ஒரு நீண்ட வார விடுமுறையில் கிளம்பினாள். பிள்ளைகள் அட்ரியனிடம். ஜஹாங்கீர் வேனை ஓட்ட, நுஸ்ரத் அக்கா முன்னால் போய் அங்கங்கே காத்திருப்பார். ஸ்ட்ரோலரில் தண்ணீர், குடை, பிஸ்கட், பிளாஸ்டர். முன்பக்கம் ஓர் அட்டை: 'அம்மாவுக்கும் கவனிப்பு வேணும்.' மூன்று மொழிகளில் எழுதி, கீழே பணம் அனுப்ப கியூஆர் குறி.

இருபுறமும் செம்பனைத் தோட்டம். போகிற லாரியெல்லாம் ஹாரன் அடித்தது. மோட்டாரில் வந்தவர்கள் நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

"பேபி மானா, காக்?" பிள்ளை எங்கே அக்கா என்று மலாயில் கேட்பார்கள்.

"ருமா. டெங்கான் பாப்பா!" குழந்தை வீட்டில், அப்பாவோடு.

சிரிப்பார்கள். பிறகு அட்டையைப் படிப்பார்கள். பிறகு கைப்பேசியை எடுப்பார்கள்.

வழியில் பெனுட் ஊரைத் தாண்டியபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அதோடு ஸ்ட்ரோலரின் முன்சக்கரம் கழன்று உருண்டது. அலமாக்! நல்லவேளை, சாலையோரம் ஒரு மோட்டார் பட்டறை இருந்தது. அங்கிருந்த ரூபேந்திரன் சக்கரத்தை மாட்டிக்கொண்டே அட்டையைப் படித்தான். கை நின்றது.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? பிள்ளை பொறந்ததுல இருந்து என் வைஃப் யார்கிட்டயும் பேசுறதில்ல. காத்து கருப்புன்னு அம்மா மந்திரிச்சாங்க. இது... நீங்க சொல்றதா இருக்குமோ?"

பட்டறைக்குப் பின்னால் வீடு. அவன் மனைவி வாசுகி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூந்தல் முழுக்கச் சிக்கு.

"சிக்கு எடுத்து விடட்டா? என் தொழிலே அதான்," என்றாள் டொரத்தி.

வாசுகி சற்று நகர்ந்து இடம் விட்டாள். டொரத்தி பின்னால் உட்கார்ந்து நுனியிலிருந்து வாரத் தொடங்கினாள். வாயைத் திறக்கவில்லை. பாதித் தலை முடிந்தபோது வாசுகி சொன்னாள்:

"பிள்ளையைத் தூக்குனா கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. அதான் தூக்குறதில்ல."

"எனக்கு அப்போ கையே நீளாது," என்றாள் டொரத்தி.

வாசுகி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள், அழுதுகொண்டே பேசினாள்.

வெளியே ஜஹாங்கீர் ஹாரன் அடித்தார். அன்றே நடையை முடிப்பாள் என்று பொந்தியானில் நன்கொடையாளர்கள் மாலையோடும் கேமராவோடும் காத்திருந்தார்கள். நுஸ்ரத் அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"போன் மேல போன் வருது. என்ன சொல்ல?"

"நாளைக்கு வரேன்னு சொல்லுங்கக்கா."

தனலெட்சுமியிடம் வாசுகி போனில் பேசினாள். விடுமுறை முடிந்ததும் கிளினிக்குக்கு அழைத்துப் போவதாக ரூபேந்திரன் ஒத்துக்கொண்டான். அன்று டொரத்தி அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்தாள்.

மறுநாள் பொந்தியான் கரையை அவள் தொட்டபோது கேமரா இல்லை. அட்ரியனும் பிள்ளைகளும் மட்டும் கையாட்டிக்கொண்டு நின்றார்கள். நொண்டிக்கொண்டே போய் எட்டிப் பார்த்தாள். நீர் வற்றி, கண்ணுக்கு எட்டியவரை சேறு.

"கடல் எங்க?"

"நேத்து வந்திருந்தா பாத்திருக்கலாம்," என்றான் அட்ரியன்.

அங்கேயே தரையில் உட்காராத குறையாகச் சிரித்தாள்.

முந்தின நாள் மாலை போட வந்தவர்களில் சிலருக்குக் கோபம்தான். ஆனாலும் எதிர்பார்த்ததைவிட நிதி சேர்ந்தது. சனிக்கிழமைக் கூட்டம் தொடர்கிறது. மாதம் ஒருமுறை தனலெட்சுமி பொந்தியானுக்கும் போகிறார். வாசுகிக்கு முதலில் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றினார்கள், தெளிய நாளாயிற்று.

சில மாதம் கழித்து ரூபேந்திரன் ஒரு குரல் பதிவு அனுப்பினான். பின்னணியில் ஒரு பெண் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்: எண்ணெய்க் கையோட தொட்டில் துணியைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

"கேக்குதாக்கா?" என்றான் அவன், குரலெல்லாம் சந்தோஷம். "திட்டுறா!"