ஏற்றத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல்

ஏறுபாதையில் குடிநீர் வைப்பதற்கு விதி ஒன்று உண்டு. கூட்டம் எங்கே மூச்சு வாங்க நிற்கிறதோ அங்கே தண்ணீர் இருக்க வேண்டும். லாரி நிறுத்த எங்கே வசதியோ அங்கே அல்ல. திருத்தணியில் ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்துக்கு நாங்கள் தயாரித்த குறிப்புகளில் முதலில் வருவது இதுதான். நியூசிலாந்தில், ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூரில், அந்த விதி செல்லாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை தபால் பெட்டியில் ஒரு வரைபடம் கிடந்தது. இன்ன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெரு பந்தயப் பாதையாகும், கார்களை வெளியே எடுக்காதீர்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று அச்சிட்டிருந்தார்கள். தெருவை மூடுவதற்கு இவ்வளவு பணிவா என்று எனக்குச் சந்தேகமே வந்தது. இந்த டிரையத்லான் பந்தயம் என்பது ஏரியில் நீந்தி, கரையேறி, நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவது. ஓட்டம் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் தெருவின் ஏற்றத்தில் ஏறி, உச்சியில் திரும்பி, மறுபடி ஏரிக்கரைக்கு இறங்க வேண்டும். தண்ணீர் மேசைகள் எல்லாம் சமதளத்தில், கார் நிறுத்துமிடங்களை ஒட்டி. நிழலில்லாத ஏற்றத்தில் ஒன்றுகூட இல்லை.

இது என் கவலையாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் என் மகள் எஸ்தர் ஓடுகிறாள். இங்கே நர்ஸாக இருக்கிறாள். அவள் அம்மா போன பிறகு என்னையும் அழைத்துக்கொண்டாள். போன வருடம் மூன்றாவது சுற்றில், இதே ஏற்றத்தில், எங்கள் வீட்டு வாசலுக்குச் சற்று முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இந்த வருடம் முடித்தே தீருவது என்று விடியுமுன் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். அவள் ஷூ லேஸ் கட்டும் சத்தத்தில் எனக்கும் தூக்கம் போய்விடும்.

நான் கிறிஸ்தவன், காவடி எடுத்ததில்லை. ஆனால் காவடி எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று வருவாய்த்துறையில் இருந்த காலமெல்லாம் கயிறு கட்டியவன். அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருபவர்கள், பள்ளிப்பட்டிலிருந்து நடந்து வருபவர்கள், எல்லோரும் சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு ஈரத்தோடு படியேறுவார்கள். எவருக்கும் பாதை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமுமில்லை. இங்கே விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, பாதையை அறிந்திருப்பது போட்டியாளரின் பொறுப்பு என்று கைகழுவிவிடுகிறார்கள்.

திருத்தணியில் நீர்மோர்ப் பந்தல் போட விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக வரும். எல்லாவற்றுக்கும் பதில் எழுத ஆளில்லை. கே.ஜி.கண்டிகை விவசாயி ஒருவர் வருடந்தோறும் திருவிழாவுக்கு முந்தின நாள் அலுவலக வாசலில் நிற்பார்.

“சார், பதில் வர்லன்னா ஓகேன்னுதானேங்க அர்த்தம்?”

“ஆங், போய் போடுங்க.”

“அப்ப எதுக்குங்க மனு?”

“மனு குடுக்காம போட்டா தப்பு.”

அவர் சிரித்துக்கொண்டே போவார். ஒரு பந்தலையும் நாங்கள் பிரித்ததில்லை.

ஆகவே முறைப்படி பந்தய அமைப்பாளர்களுக்கு எழுதினேன். பாதையின் குறையைச் சுட்டிக்காட்டி, என் வீட்டு வாசலில், என் சொந்த இடத்தில், நீர்மோர் மேசை போட உத்தேசம், ஆட்சேபணை இருப்பின் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும் என்று முடித்தேன். பதில் இல்லை. விதிப்புத்தகத்தையும் முழுக்கப் படித்திருந்தேன். அனுமதி பெற்ற மேசைகளில் தவிர வேறெங்கும் போட்டியாளர் எதுவும் வாங்கக் கூடாது. என் கணக்கில் என்னுடையது அனுமதி பெற்ற மேசை.

பந்தய நாளில் இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டு மோர் கரைத்து வைத்தேன். எங்கள் தெருமுனையில் ஆரஞ்சு மேலங்கியும் விசிலுமாக நின்ற பந்தயத் தொண்டர் மார்கரெட் வந்து பார்த்தார். என் கடிதத்தின் நகலைக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “குட் ஆன் யூ” என்றார். வாய்மொழி உத்தரவும் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். குப்பையைத் தொட்டியில் போடும் பிள்ளைக்கும், சபாஷ் என்பதுபோல, இங்கே இதையேதான் சொல்வார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஓடி வந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். எஸ்தர் முதல் சுற்றில் நிற்காமலே கேட்டாள்.

“இன்னா நைனா, கடை போட்டுகினு?”

“மோரும்மா. பர்மிஷன் இருக்கு.”

இரண்டாவது சுற்றில் கையசைத்துவிட்டுப் போனாள். மூன்றாவதில் அவள் ஓடவில்லை. நடந்து வந்து வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

“நெஜமா பர்மிஷன் இருக்குங்களா?”

“ஆங், இருக்கு.”

அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு ஏற்றத்தில் மெல்ல ஓட ஆரம்பித்தாள். இறங்கும்போது நன்றாகவே ஓடினாள்.

நேரம் முடிவதற்குள் முடித்துவிட்டாள். முடிவுக் கோட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கழுத்தில் பதக்கம் இருந்தது. கையை நீட்டினாள்.

“அந்த பர்மிஷன் பேப்பர் குடுங்க நைனா, பத்திரமா வெக்கலாம்.”

கொடுத்தேன். படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

“இது நீங்க எழுதனது. அவங்க எழுதனது எங்க?”

“எழுதல. அதான் பர்மிஷன்.”

தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு நடுவர்களின் கூடாரத்தை நோக்கி நொண்டிக்கொண்டு போனாள்.

“யாரும் பாக்கலம்மா” என்றேன், பின்னாலேயே போய்.

“நான் குடிச்சனே நைனா.”

அங்கே என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. பதக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தது மட்டும் தெரிந்தது. விசாரித்து முடிவு சொல்வதாக ஒரு தாளில் குறித்துக்கொண்டார்கள். பெயர்ப் பட்டியலில் அவளுக்கு நேரே ஒரு கோடு விழுந்தது.

அன்றிரவே மேல்முறையீடு எழுதினேன். தவறு நடந்திருந்தால் அது என்னுடையது, பயனடைந்தவர் அறியாமல் நடந்தது, தண்டிக்க இயலாது என்று வாதம். அவள் படித்துவிட்டு மறுப்புச் சொல்லவில்லை. என்னோடு பேசாமலும் இல்லை. உப்பு போதுமா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டாள். பந்தயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நான் நாளுக்கு நாலு தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பேன். எங்கள் அலுவலக வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார்களா என்று யோசிக்கத் தொடங்கினால், எழுந்து தெருவில் நடக்கப் போய்விடுவேன்.

கடைசியில் பதில் வந்தது. அமைப்பாளர்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போகிறவர்கள், விடியற்காலையில் உட்கார்ந்து எழுதுவார்கள் போலிருக்கிறது. மகளின் நேர்மையைப் பாராட்டியிருந்தார்கள். வெளியார் உதவி வெளியார் உதவியே என்பதால் அவள் முடிவு செல்லாது. ஏற்றத்தில் தண்ணீர் இல்லை என்ற என் கருத்து சரியானது. அடுத்த ஆண்டு முதல் அங்கே ஒரு மேசை வைக்கப்படும்.

எஸ்தர் ஓடப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

“உங்க மனு பாஸு, நான் ஃபெயிலு” என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஏற்றத்தின் பக்கம் போனாள்.

நான் அதை அச்செடுத்தேன். வந்த கடிதம் எதுவானாலும் மேல்மூலையில் பெறப்பட்ட தேதியைப் போடுவது கைப்பழக்கம். ஜன்னலுக்கு வெளியே ஏரியின் மேல் ஏப்ரல் 23 வெளுத்துக்கொண்டிருந்தது. இங்கே வந்ததிலிருந்து நேரம் மாற்றாத என் கைக்கடிகாரத்தில், திருத்தணியில், இன்னும் ஏப்ரல் 22.