எல்லாவற்றையும் தள்ளிய அண்ணை

லண்டன் இல்ஃபோர்ட்டில் ஒரு ஞாயிறு மதியம் நடந்த போக்கர் போட்டியில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். பஸ் சாரதி, சீருடை ஜக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. சீட்டை வேண்டாமென்று வைக்கும்போதெல்லாம், சீட்டுப் போடுகிற பெண்ணிடம் "சொறி" என்று மன்னிப்புக் கேட்பார்.

கடைசியில் எட்டுப் பேர் மிஞ்சினோம். அவரிடம் பந்தயம் கட்டும் சிப்ஸ் கொஞ்சம்தான் இருந்தது. இடைவேளையில், எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் போய்ப் பட்டம் படித்தவன் என்ற மிடுக்கோடு கணக்குச் சொன்னேன்.

"அண்ணை, இப்பிடியே இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் கட்டிக் கட்டியே சிப்ஸ் கரைஞ்சு போயிடும். நல்ல காட்ஸ் வந்தா எல்லாத்தையும் வையுங்கோ."

"தோத்தா எழும்பிப் போகவேணுமெல்லே?"

"ஓம். வீட்டை போய் வடிவாச் சாப்பிடலாம்."

சிரித்தார். "மனுசி செத்து நாலு மாசம், தம்பி. இஞ்சையெண்டா எட்டுப் பேர் இருக்கினம்."

இடைவேளை முடிந்து மேசைக்குத் திரும்பினோம். அவரே, "சரி, நீர் படிச்சனீர். சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அவருக்கு இரண்டு ராசா வந்தது. என்னைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் தள்ளினார். எதிரே இருந்தவரிடம் அதைவிடப் பெரிய இரண்டு ஏஸ். அத்தோடு முடிந்தது.

எழுந்து, "போறன், தம்பி" என்றார். எங்கள் ஆட்கள் "போட்டு வாறன்" என்றுதான் புறப்படுவார்கள். வெறும் "போறன்" வாயில் வராது. தவறி வந்த சொல்லா என்று கேட்க, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.