பனிக்கட்டி உடைக்க வந்த தம்பி

பனிச்சங்கேணியில் எங்கள் மாதர் சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்த இளைஞர், ‘பனிக்கட்டியை உடைத்தல்’ என்ற ஆங்கில வழக்கை விளக்கித் தொடங்கினார். உறைந்த கடலில் கப்பலுக்கு வழி திறப்பதுதான் அதன் முதல் பொருளாம். பிறகு தெரியாதவரோடு பேச்சைத் தொடங்குவது என்றானதாம். இப்போது பயிற்சி வகுப்புகளில் பந்தெறிந்து பெயர் சொல்லும் விளையாட்டாம். எனக்கு எரிச்சல் வந்தது. அங்கிருந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். தெரியாத ஆள் அவர் மட்டும்தான்.

எங்கள் ஊர்களில் புது ஆளிடம் முதலில் விசாரிப்பது தாய்வழிக் குடியை. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. என் மாமி அதைத்தான் கேட்டார்.

“தம்பி, நீங்க என்ன குடி?”

அவர் சொன்னார்.

“நல்லதாப் போச்சு. நாங்க வேற குடி,” என்றார் மாமி, அருகிலிருந்த மகளைப் பார்த்தபடி.

இளைஞர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.