வெள்ளைத் துணிக்குச் சாயம்

மெல்பேர்ண் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நிற்கிறது. பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் ஊருக்கு உடுப்புச் சேர்க்கிறார்கள் என்று கேட்டு வந்திருக்கிறேன். கலவரத்தில் வீடிழந்து வவுனியா முகாமில் இருக்கும் எங்கள் சனங்களுக்கு அவை போகின்றன.

துணி ஆலைக்காரர் ஒருவர் கொடுத்த வெள்ளைப் பருத்தித் துணி, சேலை அளவில் வெட்டிக் குவிந்திருக்கிறது. புத்தம் புதிது. யாழ்ப்பாணத்துப் பெண் மனோ அதைப் பொதியில் கட்டாமல், மண்டபத்துக் குசினியில் நீலச் சாயத்தைக் கொதிக்க வைக்கிறார்.

“நல்ல துணிதானே, பிள்ளை?”

“ஓம் அண்ணை. ஆனா புருசன் எங்கையெண்டு தெரியாமல் இருக்கிற பெண்டுகளுக்கு வெள்ளையை அனுப்பலாமோ? அவன் செத்திட்டான் எண்டு நாங்களே சொல்லுற மாதிரியெல்லோ இருக்கும்.”

நான் தடியை வாங்கிக் கிண்டுகிறேன்.

“என்ர தங்கச்சியும் அங்கதான். மச்சானை இன்னும் காணேல்லை.”

மனோ என்னை நிமிர்ந்து பார்க்கிறார்.

“அவவுக்கு என்ன நிறம் விருப்பம்?”

“மச்சான் எடுத்துக் குடுக்கிறது சிவப்பு.”

அவர் ஒரு துணியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றுகிறார்.