அடகுக்கு ஒரு சாக்ஸ்

சர்ச் வளாகத்துப் பாலர் பள்ளியில் அவள் ஆயாவாகச் சேர்ந்தபோது, அவளுடைய சொந்த மகனே அங்கே மூக்கொழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போது அவன் மீசையும் கீசையுமாக வேறு ஊரில் வேலை பார்க்கிறான். இடைப்பட்ட காலமெல்லாம் ஊரார் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே ஓடிப்போயிற்று. பேரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். ஆயாம்மா என்றால் தெருவே கை காட்டும்.

அழுகிற பிள்ளையை வழிக்குக் கொண்டுவர அவளிடம் ஒரு வித்தை இருந்தது. மிட்டாயும் கிடையாது, பூச்சாண்டியும் கிடையாது. மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பும்போது, "உன் சாமான் ஏதாவது ஒண்ண எங்கிட்ட அடகு வச்சிட்டுப் போ. நாளைக்கு வந்து மீட்டுக்கோ" என்பாள். பிள்ளை யோசித்து யோசித்து ரிப்பனையோ ரப்பரையோ கழற்றிக் கொடுக்கும். அதை பிஸ்கட் டப்பா பக்கத்தில் அலமாரியில் வைப்பாள். மறுநாள் காலையில் பிள்ளை தன் சொத்தை மீட்க அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிவரும். சிரிக்காதீர்கள், பலிக்காமல் போனதே இல்லை.

கடைசியாக வந்து சேர்ந்தவள் ஒரு வாண்டு. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளின் மகள். அழுதால் சர்ச் கோபுரத்துப் புறாக்கள் எழுந்து பறக்கும். டீச்சர் அவளுக்கு வைத்த பேர் சைரன். சைரன் அடகு வைத்தது இடது கால் சாக்ஸை. நீலக் கோடு போட்ட சாக்ஸ். ஒற்றைக் காலில் சாக்ஸோடு மகள் வீடு திரும்புவதைப் பார்த்து முதலில் அம்மாக்காரி சண்டைக்கு வந்தாள். அழுகை நின்றதும், "ரெண்டையும் வேணாலும் வச்சுக்கோங்க ஆயாம்மா" என்று சொல்லிவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாஸ்டர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர். கெட்ட செய்தி சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

"பெரிய ஸ்கூல்காரங்க வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பி அள்ளிட்டுப் போறாங்க. நம்மகிட்ட விரல் விட்டு எண்ணுற பிள்ளைங்கதான் மிச்சம். இந்த வாரத்தோட மூடிடலாம்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு ஆயாம்மா. பெத்தவங்ககிட்ட சொல்லியாச்சு. பிள்ளைங்ககிட்ட மட்டும் லீவுன்னு சொல்லி அனுப்பிடுங்க. அதுங்க அழுதா தாங்காது."

யாருக்குத் தாங்காது என்று கேட்க அவளுக்கு நாக்குத் துடித்தது. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாளே, அங்கேதான் கோட்டை விட்டாள்.

கடைசி நாள் மத்தியானம் சைரன் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றியது. ஆயாம்மாவின் கையும் பழக்க தோஷத்தில் தானாக நீண்டுவிட்டது.

"நாளைக்கு வந்து மீட்டுக்குறேன்."

"நாளைக்கு லீவு கண்ணு."

"அப்ப லீவு முடிஞ்சி."

"சரி" என்று சொல்லித் தொலைத்தாள். அதற்குள் அம்மாக்காரி மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். ஆயாம்மா சாக்ஸும் கையுமாக வாசலில் நின்றாள். இத்தனை வருஷத்தில் திருப்பிக் கொடுக்க வழியில்லாத அடகை அவள் வாங்கியதே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாக்ஸைத் துவைத்தாள். காயப்போட்டாள். காய்ந்ததை மறுபடி துவைத்தாள். துடைத்த பாத்திரத்தையே துடைத்தாள். வீட்டில் இருக்க முடியாமல், கணவரின் சலூனுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். அங்கேயாவது சும்மா இருந்தாளா? ஷேவிங்குக்கு வந்த ஒரு போலீஸ்காரரின் முகவாயைப் பிடித்து, "ஆடாம இருடா தங்கம், இதோ முடிஞ்சிருச்சு" என்று துண்டால் வாயைத் துடைத்துவிட்டாள். போலீஸ்காரர் வெலவெலத்துப்போனார்.

"அடியே, எனக்கு இருக்குறதே நாலு கஸ்டமரு. அவங்களையும் விரட்டிடாத" என்று கணவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "போய்க் குடுத்துட்டு வாயேன். அந்தச் சாக்ஸு உன்னையும் தூங்க விடல, என்னையும் தூங்க விடல."

மறுநாள் காலை, சைரனைச் சேர்த்திருந்த பெரிய பள்ளிக்குப் போனாள். வழி கேட்கத் தேவையே இருக்கவில்லை. தெருமுனையிலேயே சைரன் கேட்டது. கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புது டீச்சர் மண்டியிட்டு ஏதோ பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாக்காரிக்கு ஆயாம்மாவைப் பார்த்ததும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

"லீவு லீவுன்னு சொல்லி அனுப்பிட்டீங்க. என் சாக்ஸு அங்க இருக்கு, அங்கதான் போவேன்னு தினமும் உயிரை வாங்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

ஆயாம்மா சாக்ஸை எடுத்து நீட்டினாள். அழுகை பட்டென்று நின்றது. பிள்ளை சாக்ஸைப் புரட்டிப் பார்த்தது.

"லீவு முடிஞ்சிருச்சா?"

"இல்லடா. அந்தப் பள்ளிக்கூடத்த மூடியாச்சு. இனிமே தொறக்க மாட்டாங்க. லீவுன்னு நான் சொன்னது பொய்." பிள்ளை அழவில்லை. பெரிய மனுஷிபோல அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நீங்க நாளைக்கு இங்க வருவீங்களா?"

"வரேன்."

"அதுவும் பொய்யி."

"சத்தியமா வரேன் கண்ணு."

"அப்ப எதையாவது அடகு வச்சிட்டுப் போங்க."

புது டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆயாம்மா கழுத்தைத் தடவினாள், காதைத் தடவினாள். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். சைரன் அதை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, டீச்சரின் முந்தானையைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனது.

கண்ணாடி இல்லாமல் ஆயாம்மா தப்பான பஸ்ஸில் ஏறி, தப்பான இடத்தில் இறங்கி வீடு வந்து சேர்ந்தாள். "குழந்தைகிட்ட கண்ணாடியக் குடுத்துட்டு வந்தவள நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றார் கணவர். திட்டட்டும். அன்றைக்குத்தான் அவள் படுத்ததும் தூங்கினாள்.

மறுநாள் வானம் மூட்டமாக இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு போனாள். தெருமுனையில் நின்று காதைத் தீட்டினாள். சைரன் இல்லை. வராமல் போய்விட்டதோ, காய்ச்சலோ என்று அரக்கப்பரக்க நடந்தாள். கேட்டருகே புது டீச்சர் காத்திருந்தாள், கையில் கண்ணாடியோடு.

"இன்னிக்கு அழவே இல்லம்மா. நேத்து இத அலமாரில வைக்கச் சொல்லி ஒரே பிடிவாதம். யாரையும் தொட விடல. ஆயாம்மா வந்தா குடுத்துருங்கன்னு காலைலயே சொல்லிட்டா."

ஆயாம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தூரத்தில் மணல்மேட்டில் சைரன் இரண்டு காலிலும் வெள்ளைச் சாக்ஸோடு எதையோ தோண்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து ஒரு தடவை கையாட்டியது. பிறகு பக்கத்துப் பிள்ளையோடு வாளிக்குச் சண்டை போடப் போய்விட்டது. ஆயாம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மீட்க வேண்டியதை மீட்டாகிவிட்டது. நாளைக்கு இங்கே வர அவளுக்கு என்ன இருக்கிறது?

"அப்ப நான் வரேம்மா" என்றாள் டீச்சரிடம். இரண்டடி நடந்தாள். திரும்பி வந்தாள். கையிலிருந்த குடையைக் கேட் கம்பியில் பத்திரமாக மாட்டினாள். பிறகு விறுவிறுவென்று நடையைக் கட்டினாள்.

"அம்மா! குடைய விட்டுட்டுப் போறீங்க! மழை வருது!" என்று வாட்ச்மேன் பின்னாலிருந்து கத்தினார். தெருவுக்கே கேட்டது. ஆயாம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை.